தாளின் ஓரம்

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
மே மாசத்து ஃபேன்
அனலை அள்ளி அனலிலேயே போடுகிறது.
வெளியே ஏழு ரிக், ஏழு கம்ப்ரசர் லாரி.
தவணைத் தேதி பதினொன்று.
மேசையில் மூன்று தாள் வைத்தேன்.

“சோசியமுங்களா?” என்றார் டிரில்லர் வெள்ளியங்கிரி.
“சோசியம் ஒண்ணைத்தான் சொல்லும்.
எனக்கு மூணு வேணுமுங்க.”

முதல் தாளில் மழை தப்பாமல் வருகிறது.
கிணறு நிரம்பிய ஊரில்
போர் போடுகிறவளுக்கு என்ன சோலி?
வண்டி வடக்கே போகணும்.

இரண்டாம் தாளில் வானம் பொய்க்கிறது.
ராவும் பகலும் போன் அடிக்கும்,
ஆனால் தென்னை காய்ந்தவன் கையில் பணம் ஏது?
ஆயிரம் அடிக்கு ஆயிரம் நாள் கடன்.
பள்ளிபாளையத்துப் பைப் கடைக்காரர்
“ரொக்கமாக் குடுத்தீருங்க” என்று சொல்லும் அன்று
இந்தத் தாளுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

மூன்றாம் தாள் டீசல்.
விலை ஏற ஏற
ஓடுகிற வண்டியைவிட
நிற்கிற வண்டி லாபம்.

கூட்டாளி சிவநேசன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே,
“எட்டாவது ரிக் புக் பண்ணீரலாமுங்க” என்றார்.
“மூணு தாள்லயும் அது எங்க நிக்குமுன்னு காட்டுங்க.”
முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார்.
சாவி நின்றது.

நான் ஒன்றும் துணிச்சல்காரி இல்லை.
அன்று ராத்திரி எழுந்து
தாள்களின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்:
வண்டி மாட்டினால் சம்பளம்?
வடக்கே தெரிந்த கிரேன்காரர் யார்?
ஒரு மாசத் தவணை, தொடக் கூடாத கணக்கில்.

ஆகஸ்டில் வந்தது
எந்தத் தாளிலும் இல்லை.
இங்கே ஒரு சொட்டு விழவில்லை.
அங்கே, பேத்தூல் பக்கம்,
பாலத்தை வெள்ளம் கொண்டுபோக
இரண்டு ரிக் கரிசலில் அச்சு வரை இறங்கிப்
பத்தொன்பது நாள் கிடந்தன.

மழையும் பஞ்சமும் ஒரே மாசத்தில்
ஒரே முதலாளியிடம் வரும் என்று
நான் எழுதவில்லை.
தாள் மூன்றும் தப்பு.
ஓரம் மட்டும் உதவியது.
கிரேன் வந்தது, சம்பளம் போனது,
பதினொன்றாம் தேதி
வங்கியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

ஓரத்திலும் எழுதாத ஒன்று:
ஹெல்பர் புத்ராம் காய்ச்சலில் விழுந்தான்.
யாருக்குச் சொல்வது என்று
ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.
நாலாம் நாள்தான்
அவன் அண்ணன் நம்பர் கிடைத்தது.
பிழைத்துக்கொண்டான்.
அந்த நாலு நாளை
எந்தக் கணக்கில் எழுதுவதென்று
இன்னும் விளங்கவில்லை.

மறுபடியும் மே.
இந்த முறை முதல் தாளில் மழை இல்லை, ஆட்கள்:
பேர், ஊர், ரத்தப் பிரிவு, கூப்பிட வேண்டிய நம்பர்.
அப்புறம் மழை, டீசல், வட்டி.
கடைசித் தாளைக் காலியாக விட்டு
மேலே கல் வைத்திருக்கிறேன்,
காற்றில் பறக்காமல்.

வாசலில் வண்டி உறுமுகிறது.
போகிற காடு புதுசு.
எத்தனை அடியில் பாறை தட்டும் என்று
யாருக்கும் தெரியாது.
வெள்ளியங்கிரி எட்டிப் பார்க்கிறார்.
“கேசிங் பைப் எத்தன ஏத்தட்டுமுங்க?”

“ஆறு.”

அவர் படி இறங்குவதற்குள்,
“எட்டா ஏத்துங்க.”