ஆறு முறை மறுத்தவன்

வார்டோ தீவில் நவம்பர் முடிவதற்குள்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும்.
அப்புறம் எங்களுக்கு வியாழக்கிழமைகள்தான்.

மீன் ஆலையின் சாப்பாட்டு அறை.
எத்தனை கழுவினாலும் போகாத காட் மீன் வாடை.
ஐந்து நாற்காலி, ஒரு காப்பிக் குடுவை,
இருபது முகப் பகடை.
கதை சொல்வது நான்.
மற்ற நால்வரும் அதற்குள் நடப்பவர்கள்.

அஸ்லாக் பகலில் கிரேன் ஓட்டுபவன்,
கதையில் ஓரன், பாலத்தைக் காப்பவன்.
குரலை மாற்றிப் பேசக் கூச்சம் அவனுக்கு.
ஓரன் பேசும்போது தொப்பியைக் கழற்றிவைப்பான்,
அவ்வளவுதான் நடிப்பு.

அந்தக் கொம்புக் கிண்ணத்தை
அவன் முன் வைத்தவன் நான்.
உள்ளே கறுப்புப் பால்.
ஒரு மிடறுக்குப் பத்துப் பேர் பலம்,
விலை, தெரிந்த முகம் ஒன்று மறந்துபோகும்.
முதல் வாரம் தள்ளிவைத்தான்.
இரண்டாம் வாரம் சிரித்துக்கொண்டே தள்ளிவைத்தான்.
ஐந்தாம் வாரம் சிரிக்கவில்லை.
ஆறாம் வாரம் கை நடுங்கியது, ஆனாலும் தள்ளினான்.
ஏழாம் வாரம்
கூட வந்த மூவரையும் சாகக் கிடத்திவிட்டு
மறுபடி வைத்தேன்.

குடித்தான். மூவரும் பிழைத்தார்கள்.
பிறகு யாரும் சாகக் கிடக்காதபோதும் குடித்தான்.
ஜனவரியில் ஒரு சந்தை நாளில்
தான் காத்த பாலத்துக்குத் தானே தீ வைத்தான்.
முப்பத்திரண்டு பேர் என்று
நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நேற்று அவன் பனியில் மண்டியிட்டிருந்தான்.
கழுத்தின் மேல் குன்வோரின் வாள்.
"வெட்டுகிறேன், பகடையை எடு" என்றாள்.
அவள் தம்பி ட்ரோம்ஸோவில் மீட்பு இல்லத்தில் இருக்கிறான்.
இரண்டு முறை அவளே காரோட்டிப் போய்ச் சேர்த்தாள்.
மூன்றாம் முறை பஸ் டிக்கெட் அனுப்பினாள்.
மேசையில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் எடுக்கவில்லை அந்தப் பேச்சை.

ஹால்டிஸ் ஆலையில் கணக்கெழுதுபவள்.
"ஆறு முறை வேண்டாம் என்றானே," என்றாள்,
"அதை எந்தப் பத்தியில் எழுதுவது?"
"எரிந்தவர்களிடம் கேள்" என்றாள் குன்வோர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கரடிக்குக் குரல் கொடுத்திருக்கிறேன்,
ஊமை அரசிக்கு, ஒரு முறை கதவுக்குக்கூட.
இந்த முப்பத்திரண்டு பேருக்கு
ஒரு பெயர்கூட நான் வைத்திருக்கவில்லை.
மன்னிக்கவோ மறுக்கவோ
யாருக்கு உரிமை உண்டோ
அவர்களை வெறும் எண்ணாக விட்டிருந்தேன்,
கிண்ணத்துக்கு மட்டும்
விளிம்பின் கீறல்வரை வர்ணனை.

அஸ்லாக் தொப்பியைக் கழற்றினான்.
"விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை.
எனக்கு முகங்கள் மறந்துபோயின.
அவர்கள் யார் யார் என்று சொல்."

சொல்லத் தெரியவில்லை எனக்கு.
ஆகவே ஆளுக்கொன்றாக உண்டாக்கினோம்.
உப்பு விற்கும் தொர்னா.
அவளிடம் கடன் வைத்திருந்த, அன்றுதான்
கொடுக்க வந்திருந்த வீகால்.
இரட்டையரில் ஒருத்தி, மற்றவள் காய்ச்சலில் வீட்டில்.
பேடர் ஒரு கழுதையைச் சேர்த்தான்,
கணக்கில் வராது என்றேன்,
வரும் என்று அடம்பிடித்தான்.
குன்வோர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்து
ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு பையன்.
பெயர் வேண்டாம்.
ஓரனுக்கு அவனைத் தெரியும்.
தினமும் இறங்கு, இறங்கு என்று திட்டுவான்."

அஸ்லாக் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தான்.
மன்னிப்பு என்ற சொல்லை அதன்பின் ஒருவரும் பேசவில்லை.
பன்னிரண்டாவது ஆளுக்கு
ஒற்றைக் காதில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தோம்,
இரவு ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

இன்னும் இருபது பேர், ஒரு கழுதை.
வாள் கழுத்தின் மேல் அப்படியே இருக்கிறது.
அடுத்த வியாழன்வரை அவன் பனியில்,
அவள் கை ஓங்கியபடி.

அவர்கள் போனபின் காப்பிக் கோப்பைகளைக் கழுவினேன்.
என்னுடையதில் அடியில் கறுப்பாக ஒரு மிடறு மிச்சம்.
அதை இரண்டு முறை தேய்த்தேன்.