நொட்டாங்கால்

கானாடுகாத்தானைத் தாண்டி
ஆவாரங்காட்டை வெட்டிச் சமன்செய்து
விமானத்துக்கு ஓடுபாதை போட்டார்கள்.
ஜல்லி சுமந்தவர்களில் நானும் ஒருவன்.
எட்டணாக் கூலி.

அங்கேதான் ரென்னி இருந்தான்.
டூகல் ரென்னி. ஸ்காட்லாந்துக்காரன். எஞ்சின் பார்க்கிறவன்.
செம்பட்டை முடி, வெயிலில் உரிந்த மூக்கு,
நகத்தடியில் போகாத கிரீஸ்.
வெள்ளைக்கண்ணு என்கிற என் பெயர்
அவன் வாயில் நிற்கவில்லை.
வெல்லி என்றான்.
நானும் திரும்பிப் பார்த்தேன்.

மெஸ் சமையல்காரர் சவரிமுத்து
அவன் பேச்சில் பாதியை மொழிபெயர்ப்பார்,
பாதியை இட்டுக்கட்டுவார்.
இரண்டையும் சேர்த்து நான் அறிந்தது இவ்வளவு:
அவன் ஊரில் தரைக்கடியில் நிலக்கரி.
அப்பன் உள்ளே போய் இருமலோடு வந்தான்.
அண்ணன் போனான்; வரவில்லை.
இவன் இறங்கியது பதினாலு வயதில்.
சனிக்கிழமை மத்தியானம் மட்டும் மேலே வெளிச்சம்,
அந்த வெளிச்சத்தில் ஒரு பந்து.
பத்தொன்பதில் ஒரு கிளப் எடுத்துக்கொண்டது,
இடது ஓரத்துக்கு.
வாரம் நாலு பவுன். மழையில் நனைந்துகொண்டே
இருபதாயிரம் பேர் பார்ப்பார்களாம்.

சூனா வேனா வீட்டுக் காரியக்காரர்
இதைக் கேட்டுச் சிரித்தார்:
'உதைக்கிறதுக்குக் கூலியா?
இந்த ஊரில் உதை இனாம்.'

ஆனால் கோல்கம்பம் கொடுத்தது அவர்தான்.
செட்டியார் ரங்கூனில். ஜப்பான்காரன் நுழைந்தபின் கடுதாசி இல்லை.
பாதியில் நின்ற இரண்டாங்கட்டுக்கு வந்த
பர்மாத் தேக்கு, இழைக்காமல் கிடந்தது.
'கடன்தான். பேரேட்டில் எழுதியிருக்கிறேன்'
என்று நாலு மரம் தந்தார்.
மேலே குறுக்காகத் தேங்காய்க் கயிறு.

எங்களுக்குச் செருப்பில்லை என்று
அவனும் பூட்ஸைக் கழற்றினான்.
ஒரு நெருஞ்சி போதும்,
ஒற்றைக்காலில் நின்று தன் பாஷையில் வைதான்.
அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

முள் ஏறியது எந்தக் காலில்?
அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை இரண்டுக்கு இரண்டு.
பொழுது விழுகிறது. பெனால்டி.
அவன் பந்தை வைத்தான்.
ஓடிவந்தான்.
நொட்டாங்கால்காரன்
சோற்றாங்காலால் உதைத்தான்.
விழுந்தேன். கையில் பட்டு வெளியே போனது.
ஜல்லிக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு
ரயிலடிவரை போனார்கள்.
திரும்பிப் பார்த்தபோது
அவன் தரையில் உட்கார்ந்து
பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, பழுது பார்த்த எஞ்சின்.
சத்தம் எப்படி என்று கேட்க
இவனையும் ஏற்றிக்கொண்டார்கள்.
வானத்தில் எதிரி இல்லை. குண்டு இல்லை.
ஒரு சுற்று சுற்றியது, இருமியது,
தண்ணீர் வற்றிய கண்மாயில் விழுந்தது.
ஓடினோம்.
பார்த்ததைச் சொல்லமாட்டேன்.
அன்றைக்கு மெஸ்ஸில்
அடுப்புப் பற்றவைக்கவில்லை சவரிமுத்து.

ஆபீசர் ஒரு தாள் நிரப்பினார்.
யுத்தத்துக்கு முன் என்ன தொழில்?
சவரிமுத்து என்னைப் பார்த்தார்.
நான் காலைக் காட்டினேன்.

யுத்தம் முடிந்து செட்டியார் நடந்தே வந்தார் என்றும்
வரவேயில்லை என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.
மரம் மட்டும் திரும்பிப் போனது.
இப்போது அந்த வீட்டில் நிலைவாசல்.
பந்து பட்ட தழும்பைத் தச்சன் இழைத்து எடுத்துவிட்டான்,
பேரேட்டில் கடன் தீர்ந்தது.

எனக்குத்தான் தீரவில்லை.
விட்டுக்கொடுத்தானா,
முள் வலியில் கால் மாற்றினானா?
கேட்க நினைத்தது ஞாயிற்றுக்கிழமை.

மழை வருமுன் இந்த மணிக்கட்டு
இன்னும் வீங்கும்.
கைகாட்டிக் கம்பம்போல் தூக்கி வைத்துக்கொண்டு
தூங்காமல் கிடப்பேன்.
இப்படி வலிக்கிறதே,
நன்றாகத்தான் உதைத்திருக்கிறான்
என்று அந்த ராத்திரிகளில் மட்டும்
நம்புவேன்.