ஆறு சென்டிமீட்டர்

புந்தா அரேனாஸில் யாரும் நேராக நடப்பதில்லை.
மேற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தோளைக் கொடுத்து
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்து
பாதிக் கேள்விக்குறியாய் அலுவலகம் வந்து சேர்வேன்.
கதவைச் சாத்தியதும் காற்று வெளியே நின்றுவிடும்.
வளைவு மட்டும் கூடவே வந்து
நாற்காலியில் உட்காரும்.

பதினோரு வருடம்.
உறைந்த நண்டு, கம்பளி மூட்டை,
அண்டார்டிகா போகும் டீசல் பீப்பாய்,
அங்கே யாரோ ஒரு விஞ்ஞானிக்கு
நாற்பது கிலோ வெங்காயம்.
எல்லாச் சரக்கும் என் பத்து விரல் ஏறித்தான்
கரையைக் கடந்தது.

"எப்போதிலிருந்து வலி?" என்றார் மருத்துவர்.
எங்கள் மொழியில்
மணிக்கட்டுக்கும் பொம்மைக்கும் ஒரே சொல்,
முஞேக்கா.
என் பொம்மைக்கு எத்தனை நாளாய்க்
கழுத்து ஒடிந்து கிடந்ததோ, யார் பார்த்தது?
அந்தச் சொல்லைத் தட்டவும்
வலது சுண்டுவிரல் ஓரத்துக்கு எட்ட வேண்டும்,
தலையில் அலை சூடிய அந்த எழுத்துக்கு.
வலியின் பெயரை எழுதினாலும் வலித்தது.

செவ்வாயன்று காப்பீட்டுக் கழகத்திலிருந்து
எலெயுத்தேரியோ பார்ரியா வந்தார்.
தையல்காரர் போலக் கழுத்தில் அளவு நாடா.
ஈரக் காலுறைக்கு மன்னிப்புக் கேட்டார்.
"வழக்கம்போல் தட்டுங்கள்,
நான் இங்கே இல்லையென்று நினைத்துக்கொள்ளுங்கள்."
ஒரு மனிதர் மண்டியிட்டு
என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது
எப்படி நினைப்பது?
மூன்று பிழை விட்டேன்.

முதலில் விசைப்பலகையைக் கவிழ்த்தார்.
ரொட்டித்துகள், ஸ்டேப்ளர் ஊசி,
அலுவலகத்துக்கு வந்தேயிராத
என் பூனையின் முடி.
பின்புறம் இரண்டு குட்டிக் கால்கள்.
"இவற்றை ஏன் நிமிர்த்தி வைத்தீர்கள்?"
"இருந்தன, நிமிர்த்தினேன்."
மடக்கினார். டக். டக்.
வெயிலில் நாய் படுப்பது போலப்
பலகை மேசையில் தட்டையாய்ப் படுத்தது.
பொம்மையின் கழுத்து நேரானது.

பிறகு நாடா.
நாற்காலியை ஏற்றினால் கால் அந்தரத்தில்.
இறக்கினால் தோள் காதைத் தொடுகிறது.
"யார் மேசை இது?"
தோன் தோலெந்தினோவின் மேசை.
எனக்கு முன்னால் இருந்தவர், ஆறடி மூன்றங்குலம்,
எந்த வாசலிலும் குனிந்தே நுழைவார்.
தச்சனிடம் அளவு கொடுத்துச் செய்வித்தது.
அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.
அவர் உயரம் போகவில்லை.
அதற்குத்தான் இத்தனை வருடம்
நான் கையைத் தூக்கித் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"ஒரு கால்பலகை வாங்கித் தருகிறேனே" என்றார் மேலாளர் மிமித்சா.
"அறுப்பானேன்? லெங்கா மரம். நல்ல மரம்."
"இதுவும் நல்ல கைதான்" என்றேன்.
சொன்ன பிறகுதான்
சொன்னது நான் என்று தெரிந்தது.

சனிக்கிழமை பார்ரியா பென்சிலால் கோடு போட்டார்.
கிடங்கு நவெயா ரம்பம் பிடித்தான்.
நான்கு கால், ஒவ்வொன்றிலும் ஆறு சென்டிமீட்டர்.
இரண்டாவது கால் கொஞ்சம் கோணல்,
மடித்த அட்டை ஒன்று இன்றும் அதன் அடியில்.

விழுந்த நான்கு கட்டைகளையும்
திரைக்கு அடியில் வைத்தோம்.
குனிந்து படித்த திரை
கண்ணுக்கு நேரே வந்தது.
கீழே அதிகமாய் இருந்ததுதான்
மேலே குறைவாய் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை.
பாதம் முழுதும் தரையில்.
தோளிலிருந்து கை தானாய்த் தொங்க
முழங்கைக்கு நேரே காத்திருந்தன எழுத்துகள்.
வலி இன்னும் இருக்கிறது.
பதினோரு வருடம் பதினோரு நாளில் போகாது
என்று சொல்லித்தான் போனார் பார்ரியா.
இருந்தாலும் வெங்காயம் வரைக்கும்
நிறுத்தாமல் தட்டினேன்.

மாலையில் கதவைத் திறந்தேன்.
அதே காற்று.
வளைவை எடுத்து
மேலங்கி போலப் போட்டுக்கொண்டேன்.
காலையில் வந்ததும்
ஆணியில் மாட்டிவிடலாம்.