ஆறு யூரோவுக்குள்

வியாழன் இரவுகளில் எங்களுக்கு ஒரே விதி:
ஆறு யூரோவைத் தாண்டிய புட்டி
மேசைக்கு வரக் கூடாது.
வந்தால் கொண்டுவந்தவரே குடித்துத் தீர்க்க வேண்டும்,
சமையலறையில், நின்றபடி, தனியாக.
யூபேர் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறார்,
முகத்தில் துளி வெட்கமில்லாமல்.

புட்டிகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி
கழுத்தில் எண் கட்டுவாள் அர்மெல்.
காலுறைகள் அவள் முன்னாள் கணவனுடையவை.
"விட்டுப்போனதில் உருப்படி இவைதாம்."
துப்புவதற்குப் பீங்கான் கிண்ணம்,
விளிம்பில் கீறலென்று ஆலை கழித்தது,
லிமோஜில் எந்த வீட்டில்தான் இல்லை.
அது பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும்.

மூக்கு என்பது என் பட்டப்பெயர்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தொரு வருடம்
எந்த விரிப்பு எந்த வார்டிலிருந்து என்று
பொதியை அவிழ்க்காமலே சொன்னவள்.
அந்த மூக்கு பிப்ரவரிக் காய்ச்சலோடு போனது.
ஜூன் பிறந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை.
காபி வெந்நீராயிற்று,
சோப்பு வழுக்கும் கல்லாயிற்று,
பால் திரிந்ததைக் கண்ணால் பார்த்துக் கொட்டுகிறேன்.

அந்த மாதங்களில் நினைவிலிருந்து எடுத்துப் பேசினேன்.
கருத்திருந்தால் ப்ளம், வெளிறியிருந்தால் செர்ரி,
தெற்கென்று தோன்றினால் மிளகு, காட்டுத் தைம்.
நான் சொன்ன மறுகணம்
மூன்று மூக்குகள் கிளாசுக்குள் இறங்கும்.
"ஆமாம், தைம்" என்று
நுனி நனைந்து மேலே வரும்.

இன்று மூன்றாம் காலுறை. சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை.
வாயில் ஊற்றியதும் துவர்ப்பு வந்தது.
அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை,
அதற்கு மூக்கு தேவையில்லை.
பச்சை அக்ரூட்டின் தோலைக் கடித்தாற்போல்
ஈறில் உட்கார்ந்து
நாக்கைப் பிடித்துச் சுருக்கியது.
பின்னால் புளிப்பு,
பேருந்தைத் தவறவிட்ட பையனைப்போல் மூச்சிரைத்து.

"கொர்பியேர்" என்றேன். "பிளாக்பெர்ரி. மழைவிட்ட ஓட்டுக்கூரை.
அடியில் தோல், புதுசில்லை, பழைய சேணம்."
கிஸ்லேன் கண்மூடிச் சேணத்தைத் தேடினாள்,
கண்டெடுத்தாள்.
யூபேர் இருபதுக்குப் பதினாறு போட்டார்.
ஐந்து யூரோவுக்கு இவ்வளவா என்று பேச்சு விரிந்தது:
கண்ணாடிக்குப் போக, லாரிக்குப் போக, கடைக்குப் போக
"மிஞ்சும் எண்பது சென்ட்டைத்தான் குடிக்கிறோம்"
என்றாள் அர்மெல்.

யூபேரின் அண்ணன் மகள் மயெல்,
டயர் கடைக்காரி, முதல் தடவை வந்தவள்,
கிளாசைத் தள்ளி வைத்தாள்.
"எனக்கு ஒயின் தெரியாது.
ஆனால் எங்கள் கிடங்கில் நனைந்த அட்டைப்பெட்டி
இப்படித்தான் நாறும்."

குளிர்பெட்டி ஒருமுறை உதறி நின்றது.
மூவரும் மறுபடி முகர்ந்தார்கள்,
இம்முறை என் சொல் இல்லாமல்.
அட்டை. அட்டையேதான்.
இந்த விலைக்குத் திருகுமூடிகளே பழகிப்போய்
தக்கை ஒயினைக் கெடுக்கும் என்பதே மறந்திருந்தது.
யூபேர் பதினாறை அடிக்கவில்லை.
பென்சிலைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.

"அப்படியானால் ஏப்ரலில் அந்தக் காஓர்?"
"இட்டுக்கட்டியது."
"வயலெட் பூ?"
"பூவைப் பார்த்திருக்கிறேன்."
"பன்னிரண்டு புட்டி வாங்கினேனே!" கத்தினாள் கிஸ்லேன்.
பிறகு, கோபம் குறையாமலே, தணிந்த குரலில்:
"இன்னும் வயலெட் மணக்கிறது அதில்."

மூன்றாம் புட்டியைத் தொட்டியில் கவிழ்க்கப் போனாள் அர்மெல்.
என்னிடம் கொடு என்றேன்.
எனக்கு அதில் கெட்டது எதுவும் இல்லை.
சமையலறையில் நின்றபடி குடிக்கிறேன்,
நல்ல துவர்ப்பு, நிதானமானது,
சொரசொரத்த கம்பளி.

சுவருக்கு அப்பால் நான்காம் காலுறை.
"தோல்" என்கிறார் யூபேர்.
"டயர்" என்கிறாள் மயெல்.
வெகுநேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு கிஸ்லேன் கூப்பிடுகிறாள்,
"அங்கிருந்தே சொல், இது எதைப்போல இருக்கும்?"