ஒன்பதாயிரம்

ஆயிரத்து ஐந்நூறு பைட்டு போதாதென்று
ஒன்பதாயிரம் ஆக்கினோம்.
வெள்ளி இரவு, க்ரோனிங்கனில் மழை.
பொட்டலம் பெரிதானால் நடை குறையும்:
ஹிட்டேவின் கணக்கு அது.
சைக்கிளில் சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டரை மணிக்கு என் போன் அலறியது.

பன்னிரண்டு சர்வரும் உயிரோடுதான் இருந்தன.
இருக்கிறாயா என்றால்
இருக்கிறேன் என்றன, மில்லிநொடி பிசகாமல்.
இதை எழுதிவை என்றால் மட்டும்
மௌனம்.

கேபிள் கேபிளாகத் தடவிக்கொண்டு போனேன்.
ஏழாவது ரேக், மேல் சுவிட்ச்,
பதினேழாவது போர்ட்.
அதனிடம் யாரும் சொல்லவில்லை.
பழைய உயரத்திலேயே வாசலை வைத்துக்கொண்டு
குனியத் தெரியாததையெல்லாம்
சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

ஒரே வரிதான். திருத்தினேன்.
பிறகு அளந்தேன், நம்பாமல் மூன்று முறை.
நூற்றுக்கு நான்கு கூடுதல்.
அவ்வளவுதான்.
வட்டுகள் தம் வேகத்தில்தான் சுழன்றன,
வாசலில் எவ்வளவு பெரிய மூட்டை வந்து
காத்துக் கிடந்தாலும்.

விடியும்போது ஹிட்டேயின் செய்தி:
ஃபெம்கே, எல்லாம் சரியா?
சரி என்று அனுப்பினேன்.
அந்தச் சொல் எந்த வாசலிலும் நுழையும்.

பைக்குள் மூன்று வாரமாக
என் ராஜினாமா கடிதம்,
இரண்டு பக்கம்.