செட் ஆக எடுக்கும் நேரம்

மஞ்சள் கல்பொடி, தண்ணீர், ரப்பர் கிண்ணம்.
பன்னிரண்டு நிமிஷம் என்று டப்பாவில் போட்டிருக்கிறான்.
பாளையங்கோட்டை வெயிலுக்கு
ஒன்பதே போதும்.
செட் ஆகிறபோது சுடும் அது.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.

கீழே டாக்டரம்மா, மாடியில் நான்.
இந்த ஊரின் ஈறுகள் எனக்கு மனப்பாடம்.
தெற்கு பஜாரில் எதிரே வருகிறவரை
முகம் பார்த்துத் தெரியாது,
சிரித்தால் தெரியும்.

பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியில்
இந்த ஒரு வினைச்சொல் மட்டும்
மூன்று பக்கம் ஓடும்.
மெர்சி டீச்சர் எச்சில் தொட்டு
மூன்றையும் சேர்த்துப் புரட்டினார்:
"இது பரீட்சைக்கு வராதுளா."
பரீட்சைக்கு வந்தது செட் ஏ, செட் பி.
நான் படித்தது எப்போதும்
பக்கத்துப் பெஞ்சுக்காரியின் செட்டில் இருந்தது.
பொழுது அடைவதற்கும் அதே சொல்தான் என்று
வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மிச்சத்தை ஊரே நடத்தியது.
பம்புசெட்டில் குளிக்கிற அண்ணன்
நாலு மணிக்கு அலாரம் செட் பண்ணுவான்,
நாலு மணிக்கு அதை அணைப்பான்.
தயிர் உறைஞ்சிற்று என்பாள் அம்மா.
அண்ணி வந்த பிறகு
அதுவும் செட் ஆகிறது.
வண்ணார்பேட்டைக் கடையில் செட் தோசை,
ஒன்று மட்டும் போதும் என்றால்
சப்ளையர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

தரகர் தேவசகாயம் சொல்வார்,
நாசரேத் பையன் செட் ஆகலம்மா, உயரம்.
சாயர்புரம் செட் ஆகல, சம்பளம்.
மூன்றாவதற்குக் காரணம் சொல்லவில்லை,
காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.
எங்கள் செட்டில் மிச்சம் நான் ஒருத்தி.
மற்றவர்களின் பிள்ளைகளுக்குப்
பல்லில் கம்பி கட்டுகிற வயசு,
அச்சு என்னிடம்தான் வருகிறது.

முக்கூடலில் இருந்து வந்தார் உச்சிமாகாளி.
மைக்செட் தொழில்.
எட்டு ஹாரன், இரண்டு ஆம்ப்ளிஃபயர்,
மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது.
"கொடை வருதும்மா. 'டெஸ்டிங்' வரல."

மெழுகில் பல் பதித்துக் கொடுத்தேன்.
நீட்டிய கண்ணாடியை அவர் வாங்கவில்லை.
வலது கையை மைக்காகச் சுருட்டி
ஹலோ, மைக் டெஸ்டிங்,
ஒன் டூ த்ரீ.
"விசில் அடிக்கு, கேட்டியளா?"
கேட்டது. டெஸ்டிங்கின் நடுவில்
ஒரு குக்கர்.
முன்பல் இரண்டையும் அரை மில்லிமீட்டர்
உள்ளே தள்ளினேன்.

"காணாமப்போன பிள்ளையச் சொல்லிப் பாக்கேன்" என்று
அங்கேயே ஒரு பிள்ளையைத் தொலைத்தார்.
வயசு அஞ்சு, சிவப்புச் சட்டை, பேரு சந்தோஷ்.
விசில்.
மெழுகுக் கத்தியைச் சூடாக்கினேன்.
இன்னொரு பிள்ளை.
இன்னும் ஒரு பிள்ளை.
நாலாவது பிள்ளை
சுத்தமாகத் தொலைந்தது.
"செட் ஆயிட்டும்மா!"
படியிறங்கும்போதும் ஒன் டூ த்ரீ.

ஆடிச் செவ்வாய். ராத்திரி ஒன்பதரை.
கோட்டூர்ப் பக்கம் கொடை.
அவசர வேலை ஒன்றுக்குப்
பொடி குழைத்துக்கொண்டிருந்தேன்.
மேளம் நின்றது, ஹாரன் இருமியது.
"வயசு நாலு. சிவப்புச் சட்டை.
பேரு சஞ்சய்."
மூன்று இடமும் சுத்தம்.
என் அரை மில்லிமீட்டர்
ஊருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.
மறுபடி, சிவப்புச் சட்டை.
மறுபடி.
வேப்பமரத்துக்குக் கீழ
யாராவது பாத்தியளா.
ஜன்னலைத் திறந்து நின்றேன்,
திறந்து நின்றால் கிடைத்துவிடும் போல.

"பிள்ள கிடைச்சிட்டு.
அம்ம மைக்செட் பக்கம் வரவும்."

மேளம் எழுந்தபிறகுதான்
கையில் கிண்ணம் இருப்பது நினைவு வந்தது.
ரப்பரைப் பிதுக்கினேன்.
யார் வாயும் இல்லாத ஒரு மஞ்சள் கட்டி,
கரண்டி நட்டுக்கொண்டு நிற்க,
வெளியே வந்தது.
சுட்டது.

போன் அடித்தது. தேவசகாயம்.
டோனாவூர்ப் பக்கம் ஒன்று வந்திருக்கும்மா,
உடனே ஒரு வார்த்தை சொல்லணும்.

இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு,
ஒன்பது நிமிஷம் கழித்துக்
கூப்பிடுங்கள் என்றேன்.