நெரினாவின் வலது கை

அறுபத்தெட்டு வயது. கறுப்புக் கையுறை.
அதில் இருபத்தாறு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டினேன்.
"அடியிலிருந்து ஒன்று எடுங்கள்" என்றேன்.
"எடுத்துவிட்டேனே" என்றாள்.

எட்டு கேமராவும் விழித்துத்தான் இருந்தன.

திரியெஸ்தேயிலிருந்து பத்ராஸ் போகும் கப்பல்களில்
பதினோரு வருஷம் லாரிக்காரர்களிடம் சீட்டாடியவள்.
ஒரே ஒரு முறை கையும் களவுமாக;
சுண்டுவிரல் அன்றிலிருந்து மடங்காது.
எங்கள் விளையாட்டில் எல்லாச் சுண்டுவிரலும்
அப்படித்தான் விறைத்து நிற்கும்.
விமர்சகர்கள் அதை அரண்மனை நாசூக்கு என்றார்கள்.

வெளியான வாரம், போரா காற்று கண்ணாடியை உலுக்க,
என் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினாள்.
எதிரே பொய்முடி வைத்த பிரபு.
இஸ்பேட் ராணியைச் சட்டைக்கைக்குள் அனுப்பினாள்.
மாட்டினாள்.
மறுபடியும் மாட்டினாள், தன் கையாலேயே.

"பொத்தான் கொஞ்சம் தாமதம்" என்றேன்.
"இல்லை. இவன் என்னை நம்பவே இல்லை.
நம்பாதவனை எப்படி ஏமாற்றுவது?
லாரிக்காரன் சிகரெட் பற்றவைப்பான்,
மகள் படத்தைக் காட்டுவான்,
கடலைப் பார்ப்பான்."

இரவே பிரபுவுக்கு ஒரு வரி எழுதினேன்:
இடையிடையே ஜன்னல் பக்கம் திரும்பட்டும்.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
திரும்பினான், நாலு விநாடி.
சீட்டுக்கட்டையே மாற்றிவிடலாம் அதற்குள்.
பொத்தான்மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.
அவன் முகம் மேசைக்கு வரும்வரை காத்திருந்து
சீட்டை நேராகப் போட்டாள்.

ஆட்டம் போயிற்று.
மறுபடியும் தொடங்கவா என்றது திரை.
"என்ன பார்த்தான் அங்கே?" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே
நான் எதுவும் வரைந்திருக்கவில்லை.